காய் விட்டால் பழம் விடலாம். சீண்டலுக்கு என்ன செய்வது?

வாசகர் கேள்வி – பதில்

மேல்வகுப்பு மாணவர்கள் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குத் துணை நிற்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பலருக்கும் பயன்படுபவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். எந்தக் குழந்தை, எந்தப் பள்ளி என்று தெரியாதபடி பெயர், ஊர் விவரங்களை எடுத்துவிட்டோம்.

எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் மூன்று பிரிவுகள். பல தொடக்கப் பள்ளிகளிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைகள் என்பதால் ஜூன், ஜூலையில் தினமும் ஒரு பஞ்சாயத்து. மேல்வகுப்புப் பிள்ளைகளைத் துணைக்கு வைக்க நினைக்கிறோம். எத்தனை பேர், யார், என்ன பயிற்சி?
– அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை

பிரிவுக்கு இரண்டு ஜோடி என்றால் மூன்று பிரிவுக்கும் சேர்த்து 12 பேர். இடையில் சிலர் விலகத்தான் செய்வார்கள்; அதனால் 16 பேரைப் பயிற்சிக்கு எடுங்கள். ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் போதும். பத்தையும் பன்னிரண்டையும் தொடாதீர்கள். பொங்கலுக்குப் பிறகு பொதுத்தேர்வு அவர்களை இழுத்துக்கொள்ளும், அவர்களை நம்பிப் பழகிய சின்னப் பிள்ளைகள் நடுவில் தனியாக நிற்பார்கள்.

தேர்வு செய்வதில்தான் பெரும்பாலான பள்ளிகள் சறுக்குகின்றன. முதல் மார்க் எடுப்பவர், வகுப்புத் தலைவர், மேடையில் நன்றாகப் பேசுபவர் என்று ஆசிரியர் அறையிலேயே பட்டியல் தயாராகிவிடுகிறது. அது ஆசிரியர்களுக்குப் பிடித்தவர்களின் பட்டியல். பிள்ளைகள் யார் பேச்சைக் கேட்பார்கள் என்பது வேறு பட்டியல். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, "உன் வகுப்பில் ஒரு பிரச்சினை என்றால் எல்லோரும் யாரிடம் போய்ப் பேசுவார்கள்? இரண்டு பெயர் எழுது" என்று கேளுங்கள். பெயர் போடாமல் மடித்துத் தரட்டும். கடைசி பெஞ்சில் உட்காரும் ஒருவரின் பெயர் பத்துச் சீட்டில் வந்திருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

இதற்கு வலுச் சேர்க்கும் பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் நியூஜெர்சியில் 56 நடுநிலைப் பள்ளிகளில் 2012–13 கல்வியாண்டில் நடந்தது, 2016இல் வெளியானது. மாணவர்கள் யாரோடு அதிகம் பழகுகிறார்கள் என்று கேட்டு வரைபடமே போட்டார்கள். மாணவர்களின் சிறு குழு ஒன்றுக்குப் பயிற்சி கொடுத்த பள்ளிகளில், மாணவர் மோதல் பற்றிய ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகள் ஓராண்டில் சுமார் 30 சதவீதம் குறைந்தன. பலரும் நாடிப் பழகும் மாணவர்கள் குழுவில் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்குப் பலனும் கூடியது.

அந்தத் திட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சண்டையைத் தணித்தவருக்கும் நட்பாக நடந்துகொண்டவருக்கும் ஆரஞ்சு நிற மணிக்கட்டுப் பட்டை பரிசு. இந்த ஒன்றை மட்டும் நம் ஊருக்குக் கொண்டுவராதீர்கள். மணிக்கட்டில் வண்ணக் கயிறு என்றால் இங்கே அது சாதிக்கான அடையாளம். நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு 2023இல் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. உங்கள் குழுவுக்கு அடையாளம் வேண்டுமென்றால் சட்டைப்பையில் குத்தும் வெள்ளை அட்டை போதும்.

பயிற்சிக்கு ஆறு பீரியட், தலா 40 நிமிடம். முதல் இரண்டு, குறுக்கே பேசாமல் கேட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லப் பழக. மூன்றாவது, சண்டையையும் சீண்டலையும் பிரித்தறிய. நான்காவதும் ஐந்தாவதும் நடித்துப் பார்க்க. ஆறாவது, எதை அன்றே பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்பதற்கு. நடிப்பு வகுப்பைச் சுருக்கி அறிவுரை வகுப்பாக மாற்றிவிடாதீர்கள். வாயைத் திறந்து பேசிப் பழகாத பிள்ளை, களத்தில் "டேய், சும்மா இருங்கடா" என்பதைத் தாண்டாது. பயிற்சி முடிந்த பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பொறுப்பாசிரியரோடு 20 நிமிடம் உட்கார வேண்டும். இந்த உட்காரல் நின்றால் திட்டமும் நின்றுவிடும்.

ரெண்டு ஆறாம் கிளாஸ் பசங்க அடிச்சுக்கிட்டா சமாதானம் பண்ணி வைக்கணும்னு மிஸ் சொல்லியிருக்காங்க. எங்கே ஆரம்பிக்கிறதுன்னே தெரியலை. நான் பேசினா ரெண்டு பேரும் என் மேலயே கோபப்படுறாங்க.
– ஒன்பதாம் வகுப்பு மாணவி

உன்மேல் கோபப்படுகிறார்கள் என்றால், நீ "யார் முதல்ல ஆரம்பிச்சது?" என்று கேட்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கேள்வி உன்னை நீதிபதி ஆக்கிவிடும். நீதிபதிமேல் தோற்றவனுக்குக் கோபம் வரும். உன் வேலை தீர்ப்புச் சொல்வது இல்லை தங்கையே, இருவரும் பேசி முடிக்க இடம் அமைத்துக் கொடுப்பது.

முதலில் கூட்டத்தைக் கலை. சுற்றி நின்று கத்தும் பத்துப் பேர் இருக்கும்வரை எவனும் இறங்கி வரமாட்டான். உன் ஜோடி ஒருவனைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிப் போகட்டும், நீ மற்றவனை வராண்டாவுக்கு. பத்து நிமிடமாவது ஆற விடு. மூச்சு வாங்கிக்கொண்டே பேசும் பையனுக்கு எதுவும் காதில் ஏறாது. இடைவேளை முடிகிறதா, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள். ஒன்று ஞாபகம் வை: கட்டிப் புரண்டு அடித்துக்கொண்டிருந்தால் நடுவில் பாயாதே. ஒருவர் அருகில் நின்று உரக்கப் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும், இன்னொருவர் ஓடிப்போய் ஆசிரியரைக் கூட்டி வரட்டும்.

ஆசிரியர் கண்ணுக்குத் தெரிகிற, ஆனால் பேச்சு மற்றவர்களுக்குக் கேட்காத இடமாகப் பார். நான்கு பேரும் வட்டமாகத் தரையில் உட்காருங்கள். இருவரையும் நேருக்கு நேர் உட்கார வைத்தால் முறைத்துக்கொண்டே இருப்பார்கள். "பேசி முடிச்சுக்கலாமா, இல்ல மிஸ்கிட்ட போகலாமா?" என்று இருவரையும் தனித்தனியே கேள். ஒருவன் வேண்டாம் என்றாலும் அத்தோடு நிறுத்திவிட்டு மிஸ்ஸிடம் போ. ஒத்துக்கொண்டால் மூன்று விதி: ஒருத்தர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, நடந்ததை நடந்தபடி சொல்லணும். யார் முதலில் பேசுவது என்பதற்குப் பூவா தலையா போட்டுக்கொள்.

காம்பஸ் சண்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணக்கு பீரியடில் பக்கத்து பையனின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்தான் ஒருவன்; திருப்பித் தரும்போது அதன் திருகு கழன்றிருந்தது. அடிதடி.

காம்பஸ்காரன்: "அவன் வேணும்னே உடைச்சான்க்கா. எங்கப்பா என்னை அடிப்பாரு."

நீ: "காம்பஸ் உடைஞ்சிருச்சு, அப்பா அடிப்பாரோன்னு பயமா இருக்கு. அப்படித்தானே?"

அவன் "ஆமாக்கா" என்று சொன்ன பிறகுதான் மற்றவன் பக்கம் திரும்ப வேண்டும்.

எடுத்தவன்: "நான் கேட்டேன்க்கா, அவன் காதுல வாங்கல. திருகு ஏற்கெனவே லூஸா இருந்துச்சு. அவன் எல்லார் முன்னாடியும் என்னைத் திருடன்னு சொன்னான்."

நீ: "திருடன்னு சொன்னதுதான் உனக்கு ரொம்ப வலிச்சிருக்கு."

இங்கே சண்டையின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று பார்த்தாயா? ஒருவனுக்கு அப்பா பற்றிய பயம், இன்னொருவனுக்குத் திருடன் என்ற சொல். காம்பஸைப் பற்றி மட்டும் பேசி முடித்திருந்தால் நாளைக்கு மறுபடி முளைக்கும். "ஏன் அப்படிப் பண்ணினே?" என்று கேட்காதே, 'ஏன்' என்றதும் பிள்ளை சாக்குத் தேடும். "என்ன நடந்துச்சு", "அப்போ உனக்கு எப்படி இருந்துச்சு", "இப்ப என்ன பண்ணினா சரியாகும்" ஆகிய மூன்று கேள்விகளும் போதும்.

வழி அவர்கள் வாயிலிருந்தே வரவேண்டும். "இனிமே சண்டை போட மாட்டோம்" என்பதை ஒப்பந்தமாக எடுத்துக்கொள்ளாதே, அது உன்னிடமிருந்து தப்பிக்கச் சொல்வது. "எடுக்கும்போது அவன் சரின்னு சொன்ன பிறகுதான் எடுப்பேன், நாளைக்கு எங்க அண்ணன்கிட்ட குடுத்து திருகை மாட்டித் தர்றேன், திருடன்னு சொன்னது தப்புன்னு அதே பெஞ்சில இருக்கறவங்ககிட்ட சொல்றேன்" என்று யார், எதை, எப்போது என்பது இருக்க வேண்டும். ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதிக்கொள். கை குலுக்கச் சொல்லாதே, 'சாரி' சொல்லக் கட்டாயப்படுத்தாதே. மூன்றாம் நாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை இருவரையும் தனித்தனியே கேட்டுப் பார். எல்லாம் சேர்த்து 20 நிமிட வேலை. அதற்கு மேல் இழுத்தால் அது உன் கையில் தீரும் விஷயம் இல்லை.

என் மகன் ஏழாம் வகுப்பு. நிறத்தைச் சொல்லி நான்கு பையன்கள் இரண்டு மாதமாக ஒரு பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். கிரிக்கெட்டில் சேர்ப்பதில்லை, சாப்பாட்டு டப்பாவை ஒளித்து வைக்கிறார்கள். பள்ளியின் 'சமாதானக் குழு' அண்ணன்கள் ஐந்து பேரையும் உட்கார வைத்துக் கை குலுக்க வைத்தார்களாம். மறுநாள் இன்னும் மோசம். இவனிடமும் ஏதாவது தப்பு இருக்குமோ என்று வகுப்பாசிரியர் கேட்கிறார்.
– ஒரு தாய்

அம்மா, உங்கள் மகன்மேல் தப்பு இல்லை. தப்பு, சமாதானம் பேச உட்கார வைத்ததில்.

காய் விட்டவர்கள் பழம் விடலாம். இரண்டு பேரும் சமமாக நின்று கோபித்துக்கொண்டது அது. உங்கள் மகன் யாரோடும் காய் விடவில்லை. நான்கு பேர் சேர்ந்து ஒருவனைக் குறிவைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் புல்லியிங் என்று சொல்லும் இந்தத் தொடர்சீண்டலை, நார்வேயில் பல்லாண்டு ஆராய்ந்த உளவியலாளர் டான் ஓல்வியஸ் மூன்று அடையாளங்களால் பிரித்துக் காட்டினார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்க்க முடியாதவர்மேல் செய்வது. மூன்றும் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன.

இப்படிப்பட்டவர்களை ஒரே வட்டத்தில் உட்கார வைத்து "ரெண்டு பக்கமும் சொல்லுங்க" என்றால் என்ன ஆகும்? குழந்தை நான்கு பேர் எதிரில் தனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்கிறான். மறுநாள் சரியாக அங்கேயே குத்துவார்கள். பல நாடுகளின் சீண்டல் தடுப்புத் திட்டங்களைத் தொகுத்துப் பார்த்த டோஃபி, ஃபாரிங்டன் என்ற இரு ஆய்வாளர்கள், சகமாணவர்களைக் கொண்டு கையாளும் அம்சம் இருந்த இடங்களில் சீண்டலுக்கு ஆளாவது கூடியிருப்பதை 2011இல் பதிவு செய்தார்கள். துணை மாணவர் திட்டத்தை மனதார ஆதரிக்கும் நாங்களும் இதை மறைக்க விரும்பவில்லை. சண்டை மாணவர்கள் தீர்க்கக்கூடியது. சீண்டலை நிறுத்த வேண்டியவர்கள் பெரியவர்கள்.

அப்படியானால் அண்ணன்களுக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய கீவா திட்டத்தில், சீண்டியவர்களோடு பேசுவது ஆசிரியர்கள். அதோடு, வகுப்பில் மதிப்புள்ள இரண்டு முதல் நான்கு மாணவர்களை ஆசிரியர் தனியாக அழைத்து, பாதிக்கப்பட்ட பிள்ளைக்குத் துணை நில்லுங்கள் என்று கேட்கிறார். மதியம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது, பஸ் நிறுத்தம்வரை கூட நடப்பது, ஆட்டத்தில் தன் அணிக்கு முதல் ஆளாகக் கூப்பிடுவது என்று அது மிகச் சின்ன வேலை. தனியாக நிற்கும் பிள்ளையைத்தான் குறிவைப்பார்கள் என்பதால் பலிக்கிறது.

கண்ணெதிரே நடக்கும்போது வேடிக்கை பார்க்காமல் இருப்பதும் பெரிய உதவி. கனடாவின் டொரண்டோ பள்ளி மைதானங்களில் கேமராவும் மைக்கும் வைத்துப் பதிவு செய்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. சீண்டல் நடந்தபோது 88 சதவீதம் நேரம் மற்ற பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள். குறுக்கிட்டதோ 19 சதவீதம் நேரம்தான். குறுக்கிட்டவற்றில் பாதிக்கு மேல், 57 சதவீதம், பத்து நொடிக்குள் சீண்டல் நின்றது. குறுக்கிடுவது என்றால் சண்டைக்குப் போவது இல்லை. "தம்பி, உன்னை பி.டி. சார் கூப்பிடறாரு, வா" என்று தோளில் கை போட்டுக் கூட்டிப் போனாலே போதும்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒரு நோட்டில் தேதி, நேரம், இடம், என்ன சொன்னார்கள், யார் பார்த்தார்கள் என்று எழுதத் தொடங்குங்கள். ஐந்தாறு பதிவு சேர்ந்ததும் தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். "கவனிக்கிறோம்" என்ற பதிலோடு திரும்பாதீர்கள். என்ன செய்தீர்கள் என்பதை எந்தத் தேதியில் சொல்வீர்கள் எனக் கேட்டு வாருங்கள். அந்த நான்கு பையன்களின் வீட்டுக்கு நீங்களே போகாதீர்கள். பெரியவர்கள் சண்டை ஆகிவிட்டால் பள்ளி ஒதுங்கிக்கொள்ளும். மகனிடம் "நீயும் திருப்பி அடி" என்றும் சொல்லாதீர்கள், நால்வர் எதிரில் அது நடக்காத காரியம், தோற்ற பாரமும் அவன் தலையில் விழும்.

ஏழாம் கிளாஸ் பையன் ஒருத்தன் என்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னான். "யார்கிட்டயும் சொல்லக் கூடாது, சத்தியம் பண்ணுங்க அண்ணா"ன்னான். பண்ணிட்டேன். அவன் சொன்னது பெரிய விஷயம். இப்ப என்ன செய்ய?
– பதினொன்றாம் வகுப்பு மாணவர்

தம்பி, இன்றைக்கே உன் பொறுப்பாசிரியரிடம் சொல். சத்தியத்தை மீறுவதாக நினைக்காதே. அவன் உன்னிடம் கேட்டது உதவி, ரகசியம் என்பது பயத்தில் சொன்னது. அவனிடமே முதலில் போய், "நீ சொன்னதை நான் ஒருத்தரா தாங்க முடியாது. உன் பக்கம் நிக்கற ஒரு பெரியவங்ககிட்ட சொல்லப் போறேன். நீயும் வர்றியா, நான் மட்டும் போகவா?" என்று கேள். அவன் வராவிட்டாலும் நீ போ.

அடுத்த முறை ஒருவர் சத்தியம் கேட்டால் இப்படிச் சொல்லிப் பழகு: "உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னா மட்டும் சொல்லுவேன். மத்ததை வெளியே சொல்லமாட்டேன்."

அன்றே சொல்ல வேண்டியவை இவை: உடம்பில் தப்பாகத் தொடுவது, வீட்டிலோ பள்ளியிலோ அடி, பணம் பறிப்பது, கத்தி பிளேடு போன்றவை, படம் அல்லது வீடியோ காட்டி மிரட்டுவது, சாதி சொல்லித் திட்டுவது, "செத்துப் போகலாம்போல இருக்கு" என்ற பேச்சு. கடைசியாகச் சொன்னது என்றால் ஆசிரியர் வரும்வரை அந்தப் பிள்ளையைத் தனியே விடாதே.

தோண்டித் தோண்டிக் கேட்காதே. அவன் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி ஆசிரியரிடம் கொடுத்துவிடு, நண்பர்களிடம் பேசாதே. படம் இருந்தால் உன் போனுக்கு அனுப்பச் சொல்லாதே. பாலியல் குற்றம் பற்றித் தெரிய வந்தால் போலீசுக்குத் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி கடமை. தெரிவிக்காவிட்டால் வரும் தண்டனை சிறார்களுக்குக் கிடையாது, பெரியவர்களுக்கு உண்டு. அதனால் இந்தச் சுமையைப் பெரியவர் தோளுக்கு மாற்றுவதே சரி. பொறுப்பாசிரியர் தட்டிக் கழித்தால் தலைமை ஆசிரியர். அங்கும் நடக்காவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417. மனநல ஆலோசனைக்கு 14416.

இந்தத் துணை மாணவர்களே நாட்டாமை ஆகிவிட்டால்?
– தலைமை ஆசிரியர்

ஆவார்கள், அதிகாரம் கொடுத்தால். பேசியவர் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது, முட்டி போட வைப்பது, அபராதம், வரிசையில் அடித்து நிறுத்துவது ஆகிய எதுவும் இவர்கள் கையில் இருக்கக் கூடாது. கையில் பிரம்பு கொடுத்து "ஆறாம் வகுப்பைப் பார்த்துக்கோ" என்று அனுப்பும் அன்றே திட்டம் செத்தது. சின்னவர்களைக் கடைக்கு அனுப்புவதும் தண்ணீர் பாட்டில் பிடித்துவரச் சொல்வதும் முதல் அறிகுறிகள், கண்டவுடன் கேளுங்கள். எப்போதும் ஜோடியாக, திறந்த இடத்தில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை ஆறாம் வகுப்பிடம் பெயர் போடாத சீட்டு வாங்குங்கள்: "எந்த அண்ணா, அக்காவிடம் போக உனக்குப் பயம்?"

இன்னொன்றும் செய்யுங்கள். பள்ளியின் வரைபடத்தைப் பெரிய தாளில் வரைந்து, எங்கே பயமாக இருக்கிறதோ அங்கே சிவப்புப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். கழிப்பறை வாசல், மாடிப்படித் திருப்பம், சைக்கிள் ஸ்டாண்டின் பின்பக்கம், சத்துணவு வரிசையின் வால் போன்ற இடங்களில் புள்ளிகள் குவியும். அங்கே இடைவேளையில் நிற்க வேண்டியவர் ஆசிரியர். மாணவர்களை நிறுத்திவிட்டு ஆசிரியர் அறையில் உட்காருவதற்கு இந்தத் திட்டம் சாக்கு இல்லை.

எங்கள் ஊரில் பிள்ளைகள் சாதியாகப் பிரிந்தே உட்காருகிறார்கள். இதையும் துணை மாணவர்கள் பேசித் தீர்க்கலாமா?
– தென்மாவட்ட ஆசிரியர் ஒருவர்

கூடாது. சாதி சொல்லி இழிவுபடுத்துவது இரண்டு பேருக்கு இடையிலான மனத்தாங்கல் இல்லை. பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகள்மீது நடந்தால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் எல்லைக்குள் போகக்கூடிய விஷயம். அதில் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையை நடுவராக உட்கார வைத்தால், ஊருக்குத் திரும்பும் வழியில் அந்தப் பிள்ளைக்கே ஆபத்து. எழுத்தில் தலைமை ஆசிரியருக்குப் போக வேண்டும், "பேசி முடிச்சிட்டோம்" என்று மூடக் கூடாது.

துணை மாணவர்களால் முடிவது, பிரிந்து நிற்க வாய்ப்பே தராமல் சின்ன ஏற்பாடுகளை மாற்றுவது. ஆட்டத்துக்கு இரண்டு தலைவர்கள் நின்று ஆள் பொறுக்கும் வழக்கத்தை விடுங்கள். கடைசியில் மிஞ்சும் பிள்ளை யார் என்று உங்களுக்கே தெரியும். வரிசையாக நிறுத்தி ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு எனச் சொல்ல வைத்து, ஒன்றுகள் ஒரு அணி, இரண்டுகள் ஒரு அணி. உட்காரும் இடம் இரு வாரத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கி மாறட்டும். துணை மாணவர் குழுவிலேயே எல்லாத் தெருப் பிள்ளைகளும் இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். ஒரு தெருவின் குழுவாக இருந்தால் மற்றத் தெருக் குழந்தை எதையும் சொல்ல வராது.

திட்டம் தொடங்கி மூன்று மாதத்தில் புகார்கள் கூடிவிட்டன. தோற்றுவிட்டோமா?
– நடுநிலைப் பள்ளி ஆசிரியை

இல்லை. முன்பு வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் இப்போது சொல்கிறார்கள். புகார் எண்ணிக்கையை மட்டும் வைத்து அளக்காதீர்கள். ஜூனில் ஒருமுறை, செப்டம்பரில் ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை ஒரே மூன்று கேள்வியைப் பெயரில்லாச் சீட்டில் கேளுங்கள்: போன மாதம் எத்தனை முறை உன்னைச் சீண்டினார்கள், யாரிடமாவது சொன்னாயா, சொன்ன பிறகு நின்றதா. இரண்டாவது கேள்விக்கு 'ஆம்' கூடி, மூன்றாவதில் 'நின்றது' கூடவில்லை என்றால் பிள்ளைகள் தங்கள் வேலையைச் செய்துவிட்டார்கள், ஆசிரியர்கள் பக்கம் வேலை பாக்கி இருக்கிறது. அந்தச் சீட்டுகளோடு அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் உட்காருங்கள்.